தேய்ந்த கிராங்க் தண்டு, ஆடும் புல்லி: நீடாமங்கலத்துக் கேள்வியும் தொடர் குறிப்புகளும்

18 மே 2025, வாசகர் கேள்வி

ஐயா, நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் வரவில்லை. அப்பா வாங்கிய 6 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைக் கொண்டுதான் ஃபில்டர் பாயிண்டிலிருந்து (ஆழமில்லாத குழாய்க் கிணறு) இறைத்துக் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றி வருகிறேன். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் மாதிரி எஞ்சின். பிளைவீலுக்கு வெளியே நீண்டிருக்கும் தண்டில் புல்லி மாட்டியிருக்கிறது, அது ஆடுகிறது. புல்லியைத் தண்டோடு பூட்டும் ஆப்பான கீயை அடித்து இறுக்கினால் இரண்டு நாள் நிற்கிறது, மூன்றாம் நாள் தட்டத் தொடங்கிவிடுகிறது. தண்டே தேய்ந்துவிட்டது என்றும், வெல்டிங் வைத்துக் கடைந்தால் புதிது போல் ஆகிவிடும் என்றும் பட்டறையில் சொல்கிறார்கள். புதுக் கிராங்க் வாங்குவதைவிட மலிவு என்பதால் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

18 மே, இரவு

சரியில்லை. எதையும் அளக்காமல் கொடுக்காதீர்கள். வெல்டிங் பட்ட தண்டை அதற்கு முந்தைய நிலைக்கு யாராலும் கொண்டுபோக முடியாது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

19 மே

கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருவையாற்றுப் பக்கம் சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறேன். உங்கள் எஞ்சினின் இனத்தை நன்றாக அறிவேன். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த வடிவத்தைக் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் எடுத்துப் பல்லாண்டுகள் வார்த்துத் தள்ளின. அவற்றில் கணிசமானவை நம் பக்கத்து வரப்புகளுக்கும் வந்து சேர்ந்தன. மெதுவாக ஓடும், கனமான, பொறுமையான எஞ்சின். ஒழுங்காக வைத்துக்கொண்டால் மூன்று தலைமுறை உழைக்கும் என்பதால்தான் உங்கள் அவசரத்தைக் கண்டு கவலைப்படுகிறேன்.

முதலில், தட்டுவது எது என்று உறுதி செய்யுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள், புல்லியையும் கழற்றுங்கள், மறக்காமல் புல்லியின் கீயையும் உருவி எடுத்துவிடுங்கள், தண்டில் விட்டுவைத்தால் ஓட்டத்தில் தெறித்து ஆளை அடிக்கும். பிளைவீல் மட்டும் இருக்க ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தட்டல் நின்றுவிட்டால் குறை புல்லியில்தான். நிற்கவில்லை என்றால் பிளைவீல் கீ தளர்ந்திருக்கலாம், அல்லது கனெக்டிங் ராடில் கிராங்க்கைப் பற்றும் பெரிய முனையான பிக் எண்டு தேய்ந்திருக்கலாம். பிளைவீலைச் சோதிக்க எஞ்சினை நிறுத்தி, டீசலை அடைத்து, ஒருவர் ஒரு பக்கத்துப் பிளைவீலை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபக்கத்துப் பிளைவீலை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஹப்பும் (தண்டு நுழையும் நடுப்பகுதி) தண்டும் சேரும் விளிம்பில் விரல் நகத்தை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அசைவும் நகத்துக்குத் தெரியும்.

அந்த விளிம்பில் எண்ணெயோடு குழைந்த காவி நிறத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்பும் இரும்பும் மிக நுணுக்கமாக உரசி, உதிர்ந்த துகள் காற்றுபட்டுத் துருவாக மாறுவதால் வருவது அது. தட்டல் காதில் விழுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இந்தத் தூள் வந்துவிடும். அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

கீயை அடித்தால் ஏன் நிற்பதில்லை என்பதற்கு வருகிறேன். தலைவைத்த அந்தக் கீ நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் செதுக்கப்பட்டது. அடிக்க அடிக்க அது ஆப்பு போல ஹப்பை ஒரு பக்கமாகத் தூக்குகிறது. ஹப்பும் தண்டும் ஒட்டிப் பொருந்தியிருந்தால் அந்த அழுத்தம் சுற்றிலும் பிடிப்பாக மாறும். இடைவெளி இருந்தால் புல்லி மையம் விலகி உட்காரும், அவ்வளவுதான். உங்கள் எஞ்சின் 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தரும்போது தண்டின் சராசரி முறுக்கு சுமார் 65 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. தண்டில் இதைக் கீ மட்டுமே சுமப்பதாக இருந்தால் அதன் பக்கவாட்டில் ஏறத்தாழ 265 கிலோ அழுத்தம் விழும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நிமிடத்துக்கு 325. பத்து மணி நேரம் இறைத்தால் 1,95,000 உந்தல்கள். ஒவ்வோர் உந்தலிலும் வேகம் சற்றே ஏறி இறங்குவதால் கனத்த வார்ப்பிரும்புப் புல்லி தண்டோடு ஒத்துப்போகாமல் முந்துகிறது, பிந்துகிறது. இத்தனை முறை தட்டினால் கீ உட்காரும் எந்தக் காடியின் சுவரும் அகன்றுதான் போகும்.

தண்டின் காடி மிகவும் அகன்றிருந்தால் அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் புதுக் காடி வெட்டிக்கொள்ளலாம். பிளைவீலுக்கும் இது பொருந்தும்.

20 மே

எங்கள் தெருவில் தவில் வாசிக்கிற மாமா ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் என் எஞ்சினைத் தள்ளி நின்று கேட்டுவிட்டு, "வெடிக்கு ஒரு தட்டு என்றால் ஒன்று, சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் வேறொன்று, உன்னுடையதில் நடுவில் எடுப்பு இல்லாத இடத்தில் ஒரு தட்டு விழுகிறதே" என்றார். வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் விழுந்த அந்தத் தட்டு, சுமையில்லாச் சுற்றில் புல்லி பின்வாங்கியதால் வந்தது. பிக் எண்டு தட்டல் பெரும்பாலும் சுமை ஏற ஏற வலுக்கும். கீ தளர்ச்சி சுமையில்லாமல் ஓடும்போதுதான் தெளிவாகக் கேட்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் கேட்கப் பழகுங்கள்.

23 மே

நீங்கள் அனுப்பிய அளவுகள் வந்தன. மைக்ரோமீட்டரை இரவல் வாங்கியாவது அளந்தீர்களே, மிகவும் மகிழ்ச்சி. புல்லி உட்காரும் இடத்தில் தண்டு உட்பக்கம் 49.88, நடுவில் 49.70, வெளிமுனையில் 49.61 மி.மீ.; பிளைவீலுக்கும் புல்லிக்கும் இடையே தேயாத பகுதி 49.99. ஹப்பின் துளை உட்பக்கம் 50.20, வெளிப்பக்கம் 50.34. தண்டின் காடி 14 மி.மீ. இருக்க வேண்டியது வாயில் 14.9 ஆக அகன்றிருக்கிறது.

வெளிமுனையில் 0.73 மி.மீ. இடைவெளி. கீயை அடித்தபோதெல்லாம் புல்லியின் மையம் 0.36 மி.மீ. விலகியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் இறுகித் தளர்ந்ததும் அதனால்தான்.

என் யோசனை இது. தண்டை ஒரே சீராக 49.40 மி.மீ.க்குக் கடைந்துவிடுங்கள். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால் 50 மி.மீ. தண்டு இதனால் இழப்பது 3.6 விழுக்காடுதான், அஞ்ச வேண்டாம். கடைந்த இடம் முடியும் படியில் கூர்மூலை விடாமல் குறைந்தது 2 மி.மீ. வளைவு விடச் சொல்லுங்கள், விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான். காடியை 16 மி.மீ.க்கு விரித்துச் சீராக்கி, 16க்கு 10 அளவுள்ள புதுக் கீ போட்டுக்கொள்ளலாம். புல்லியின் ஹப்பை 64 மி.மீ.க்குத் துளை பெருக்கி, 64.05 வெளிவிட்டமுள்ள எஃகுப் புஷ்ஷை (குழாய் போன்ற உள்வளையம்) அதில் இறுக்கமாக இறக்கி, இறக்கிய பிறகு உள்துளையை 49.41 அல்லது 49.42க்குக் கடைய வேண்டும். ஹப்பின் வெளிவிட்டம் 105 என்று எழுதியிருக்கிறீர்கள். சுவருக்கு இருபது மி.மீ. மிஞ்சும், போதும். அதன் பிறகே புஷ்ஷில் காடி வெட்ட வேண்டும்.

புஷ்ஷைச் சுத்தியால் அடித்து இறக்கக் கூடாது. ஹப்பைச் சுற்றிலும் சீராகச் சூடாக்கினால், 150 டிகிரி ஏறும்போது 64 மி.மீ. துளை ஏறத்தாழ 0.10 மி.மீ. விரியும், புஷ் கையாலேயே இறங்கும். சூடு பார்க்கத் தோசைக்கல்லுக்குச் செய்வதையே செய்யுங்கள்: தெளித்த நீர் சீறி அடங்கினால் போதாது, முத்தாக உருண்டு ஓட வேண்டும். ஆறியபின், புஷ்ஷும் ஹப்பும் சேரும் கோட்டின் மேலேயே, பாதி புஷ்ஷிலும் பாதி ஹப்பிலும் விழுமாறு இரண்டு துளையிட்டு முளை அடித்தால் புஷ் தனியாகச் சுழலாது. துளையிடும்போது டிரில் எளிதில் வெட்டுப்படும் வார்ப்பிரும்புப் பக்கம் ஓடப் பார்க்கும். அதனால் புள்ளியைச் சற்று எஃகுப் பக்கம் தள்ளிக் குத்துங்கள்.

24 மே

ஒரு திருத்தம், முக்கியமானது. பிளைவீலுக்கும் எதிர்ப்பக்கத்தில் புதுக் காடி வெட்டலாம் என்று 19ஆம் தேதி எழுதியது தவறு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன், ராடு ஆகியவற்றின் எடையைச் சமன்செய்யும் எதிர்க்கனம் பெரும்பாலும் பிளைவீலின் விளிம்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதைத் தண்டில் அரைச் சுற்று திருப்பி மாட்டினால் சமன்செய்ய வேண்டிய கனம் எதிரியாகி, எஞ்சின் தரையை விட்டு எழும்பும். ஹப்பிலும் அதே அளவு திருப்பி வெட்டினாலொழிய அதைச் செய்யாதீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீரான புல்லிக்கு இந்தக் கவலை இல்லை.

26 மே

வெல்டிங்கை ஏன் அவ்வளவு உறுதியாக மறுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தாய்மாமன் எஞ்சினில் இதே குறை வந்தது. ஒரு பட்டறையில் தண்டைச் சூடேற்றாமலே வெல்டிங் வைத்து, கடைந்து, பளபளவென்று கொடுத்தார்கள். மறுவருடம் சம்பாப் பயிர் பூட்டையில் நிற்கும்போது, வெல்டிங் முடிந்த கோட்டிலேயே தண்டு முறிந்து, புல்லி பெல்ட்டோடு வாய்க்காலில் போய் விழுந்தது. பக்கத்தில் ஆள் இல்லாதது எங்கள் குலதெய்வத்தின் அருள். முறிந்த முகத்தைப் பார்த்தேன்: முக்கால் வட்டம் பழைய விரிசலாகக் கறுத்து, மிச்சக் கால் வட்டம் மட்டும் புது முறிவாக வெள்ளையாக இருந்தது. பல மாதங்களாக ஊர்ந்து வந்த விரிசல் அது. கிராங்க் தண்டின் எஃகில் கரி சற்று அதிகம். வெல்டிங் சூடு பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் ஓரத்தில் கண்ணாடி போலக் கடினமாகிவிடும்.

செய்யவே முடியாத வேலை என்று சொல்ல மாட்டேன். தண்டை இருநூறு டிகிரிக்கு மேல் முன்சூடேற்றி, ஈரமில்லாமல் காயவைத்த குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் ராடு கொண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிக் கோடு வைத்து, முடித்ததும் உமிச்சாம்பல் குவியலில் புதைத்து ஒரு நாள் முழுதும் ஆறவிட்டால் விரிசல் அபாயம் மிகவும் குறையும். உமிச்சாம்பல் சூட்டை நன்றாகப் பொத்திவைக்கும். நெல் விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமுமில்லை. அவ்வளவு செய்தாலும் தண்டு கோணலாக வாய்ப்புண்டு. 0.4 மி.மீ. தேய்மானத்துக்கு அந்த அபாயம் தேவையில்லை. தேய்ந்துபோனால் வேறு புல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆகவே புல்லியில் உலோகத்தைச் சேர்த்து, தண்டில் குறைப்பதே முறை.

28 மே

லேத்தில் ஏற்றிவிட்டீர்களா? ஏற்றவில்லை என்றால் நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தை இன்று மறுபடி பார்த்தேன். புல்லிக்கும் பிளைவீலுக்கும் இடையே 50 மி.மீ. இடம் காலியாக இருக்கிறது. ஹப்போ தண்டின் முனையைத் தாண்டி 25 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது. வெளிமுனையில் மட்டும் ஏன் அதிகமாகத் தேய்ந்தது என்று அளவு வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். தேய்ந்ததைச் சரிசெய்வதிலேயே மனம் போய்விட்டது. எப்போதோ பம்புக்கும் எஞ்சினுக்கும் பெல்ட் நேர்கோட்டில் வராதபோது, யாரோ பம்பை நகர்த்தாமல் புல்லியை வெளியே இழுத்திருக்கிறார்கள். அன்று முதல் பெல்ட்டின் இழுவை தண்டின் முனையில் புல்லியைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டியிருக்கிறது. நான் சொன்னபடி புஷ் போட்டு அதே இடத்தில் மாட்டியிருந்தால், இன்னும் சில போகத்தில் இதே கேள்வியோடு வந்திருப்பீர்கள்.

ஆகவே புல்லியை 50 மி.மீ.யும் உள்ளே தள்ளி மாட்டுங்கள். கடைவதையும் காடியையும் அதற்கேற்ப உள்ளே நீட்டச் சொல்லுங்கள். பம்பை நகர்த்திக்கொள்ளுங்கள்.

28 மே, மாலை

முழு ஐம்பதும் வேண்டாம். அங்கேதான் பிளைவீல் கீயின் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. 25 மி.மீ. உள்ளே தள்ளினால் ஹப் முழுவதும் தண்டில் உட்கார்ந்துவிடும், கீயின் தலைக்கும் 25 மி.மீ. இடம் மிஞ்சும். பம்பையும் அதே 25தான் நகர்த்த வேண்டும்.

2 ஜூன்

கிராங்க் வெளியே வந்துவிட்டதால், பிக் எண்டு பற்றிச் சுழலும் கிராங்க் பின்னையும் அளந்தது நல்லது. 0.14 மி.மீ. நீள்வட்டம் என்றால் கிரைண்டிங் தேவைதான். கொடுப்பதற்கு முன் விரிசல் பாருங்கள்: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டித் தூளைப் பூசி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால், விரிசல் இருக்குமிடத்தில் ஈரக்கோடு தூளில் எழும். கிராங்க் பின் அதன் பக்கக் கன்னத்தோடு சேரும் மூலையைக் கூர்ந்து பாருங்கள். கிரைண்டிங் செய்பவரிடம் அந்த மூலையின் வளைவு பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

லேத்தில் கிராங்கைப் பிடிக்கும்போது அடிபட்ட முனைத் துளைகளை நம்பக் கூடாது. மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்து, அதன் முள் ஓடாமல் நிற்கும்படி பிடித்த பிறகே முனையைக் கடைய வேண்டும்.

3 ஜூன்

"பத்து" அண்டர்சைஸ் (பின்னைக் கிரைண்டிங்கில் குறைக்கும் அளவு) என்றால் 0.10 மி.மீ.தானே, 0.14 தேய்மானத்துக்குப் போதாதே, "இருபதுக்கு" போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பட்டறையில் சொல்லும் அந்தப் பத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது 0.254 மி.மீ. உங்கள் 0.14 அதற்குள் அடங்கிவிடும். வீணாக இருபதுக்குப் போனால் 0.508 மி.மீ. போய்விடும், உங்கள் பிள்ளை காலத்தில் செய்ய வேண்டிய கிரைண்டிங்கை இப்போதே செலவழித்ததாகும்.

பேரிங் இடைவெளிக்கு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் மேஸ்திரி சொல்லித்தந்த கணக்கு; ஐம்பத்தைந்து மி.மீ. அளவுள்ள பின்னுக்கு 0.05 அல்லது 0.06 மி.மீ. மூடியை மாட்டும்போது அதன் அடியிலிருக்கும் எண்ணெய் அள்ளும் துடுப்பு சரியான பக்கம் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த எஞ்சினில் பிக் எண்டுக்கு எண்ணெய் தருவது அதுதான்.

12 ஜூன்

மேட்டூர் இன்று திறந்தாயிற்று. தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, உங்கள் வாய்க்காலை எட்ட நாளாகும். கிராங்க் இன்னும் கிரைண்டிங்கில் இருக்கிறது, நாற்று காய்கிறது, பழைய புல்லியையே தகடு வைத்து இரவல் எஞ்சினில் மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். இரவல் எஞ்சினின் தண்டைக் கெடுக்காதீர்கள். அவர்கள் புல்லியையே பயன்படுத்திக்கொண்டு, பம்பின் சுற்று வேகம் சரியாக வருமாறு பம்புப் புல்லியையும், நீளத்துக்கு ஏற்பப் பெல்ட்டையும் மாற்றுங்கள்.

15 ஜூன்

தகடு வைப்பதே கூடாது என்பது போல் எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், நானே செய்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களெல்லாம் வெளியே வந்தன. குடிதண்ணீர் இறைக்க ஓடிய ஓர் எஞ்சினுக்கு எண்ணெய் டின் தகட்டை வெட்டிச் சுற்றிப் புல்லியை இறுக்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் நின்றது. ஒவ்வொரு நாளும் காலையில் பார்த்து இறுக்கினோம். மின்சாரம் வந்தபோது தகடு தூளாகியிருந்தது. உயிர் காக்கும் நேரத்துக்கு அது சரி. அப்போதும் தகடு காடியின் ஓரம் தவிரச் சுற்றிலும் ஒரே சுற்றாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செருகினால் கீ செய்யும் அதே கேட்டைத் தகடும் செய்யும்.

6 ஜூலை

நேற்று நேரில் வந்து பார்த்ததில் மனம் நிறைந்தது. புல்லி விளிம்பில் டயல் 0.06 மி.மீ. காட்டியது, இது போதும். ஒன்றை மட்டும் எழுத்தில் வைக்கிறேன். உங்கள் களிமண் வரப்பில் எஞ்சின் நிற்கும் மரக்கட்டைகளில் பம்புப் பக்கத்தது ஒரு விரற்கடை அமிழ்ந்திருந்தது, பம்பின் கசிவு அங்கேயே இறங்குவதால். பெல்ட் கோணலாக இழுப்பதற்கு இது போதுமான காரணம். கசிவுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி விலக்கி, கட்டைக்கு அடியில் செங்கல் ஜல்லி கெட்டித்து, இரண்டு புல்லிகளின் முகத்துக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். வாரம் ஒரு முறை செய்யுங்கள்.

கீயின் தலைக்குத் தகரத்தில் ஒரு மூடி அடித்து மாட்டச் சொன்னேனே, அதை ஒத்திப்போடாதீர்கள். தோளில் துண்டோடு குனிபவர்களும், நடவுக்குச் சேலையோடு வருபவர்களும் அந்த வரப்பில்தான் நடக்கிறார்கள்.

21 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. இப்போது இறைப்பது வயலுக்குள் இல்லை, வயலிலிருந்து வெளியே. ஜூலையில் ஹப்பிலும் தண்டிலும் சேர்த்து நான் கீறிய கோடு இன்னும் ஒரே நேராக நிற்கிறது என்றும், வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தபோது காவித்தூள் வரவில்லை, கறுப்பெண்ணெய் மட்டுமே வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மழை விட்டதும் மரக்கட்டையின் மட்டத்தை மறுபடி பாருங்கள். ஈரக்களியில் இந்த முறை மற்றப் பக்கம் அமிழ்ந்திருக்கக்கூடும்.